யாருடைய குளம்?

டாக்டர் பீமராவ் அம்பேத்கர் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது ஒரு சிலை. இடக்கையில் அரசியல் சட்டம், நீட்டிய வலக்கை. இந்த நாட்டின் எந்த ஊருக்குச் சென்றாலும் அந்தச் சிலையைக் காணலாம். சிலைக்கு மாலை போடுவது எளிது. அந்த மனிதர் எந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடினார் என்று எண்ணிப் பார்ப்பது அவ்வளவு எளிதன்று.

அவருடைய முழு வரலாற்றையும் இங்கே சொல்லப் புகவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாழ்க்கையின் வழியே நடந்து பார்க்கலாம் என்பதே என் எண்ணம். கேள்வி இதுதான்: இது என் சொத்து, இங்கே நீ வரக்கூடாது என்று ஒருவன் மற்றவனை வாசலில் நிறுத்துவதற்கு எவ்வளவு தூரம் உரிமை உண்டு?

ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. மாணவர் விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை தேடி அலைந்தவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. வாடகை எவ்வளவு என்று நாம் கேட்கும் முன்பே, என்ன சாதி, என்ன மதம், மீன் சமைப்பீர்களா என்ற கேள்விகள் வந்து நிற்கின்றன. கேட்பவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். அவர் வீடு, அவர் விருப்பம் என்று நாமும் திரும்பி வந்துவிடுகிறோம். அது சரிதானா?

அம்பேத்கர் 1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் மௌ என்னும் இராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். குடும்பத்தின் சாதி மகார்; தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட சாதி. சாதாராவில் பள்ளிக்குப் போகும்போது சிறுவன் உட்காருவதற்குத் தனியே ஒரு கோணிப்பை வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்கக்கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்தால்தான் தண்ணீர். சேவகர் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

1901 ஆம் ஆண்டு, தந்தை வேலை பார்த்த கோரேகாவுக்கு அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் ரயிலேறி மசூர் என்ற நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளை நிலைய அதிகாரி அன்போடுதான் விசாரித்தார். மகார்ப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வண்டிக்காரர் யாரும் ஏற்றிக்கொள்ள இசையவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்கு இணங்கினார். அதுவும் பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், தாம் பக்கத்தில் நடந்து வருவேன் என்ற நிபந்தனையோடு! அன்று இரவு கையில் உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. உணவை அப்படியே மூடி வைத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தார்கள். வண்டி வண்டிக்காரருக்குச் சொந்தம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வண்டியைக் கூலிக்காகத்தான் நிலையத்தில் நிறுத்தியிருந்தார் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவிச் சம்பளத்தோடு 1913 இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே எவரும் அவருக்குத் தனிக் கோணிப்பை விரிக்கவில்லை. 1915 இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு லண்டனுக்குச் சென்றார். உதவிச் சம்பளத்தின் காலம் முடிந்ததால் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு 1917 இல் தாயகம் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும். பரோடாவுக்குப் போனார். எங்கே தங்குவது?

இந்து விடுதிகளில் தமக்கு இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பார்சிகளின் விடுதி ஒன்று இருந்தது. அது பார்சிகளுக்கு மட்டுமே உரியது. ஆனால் விருந்தினர் வராமல் விடுதி வெறிச்சோடிக் கிடந்தது. காவற்காரருக்கு வருமானம் வேண்டியிருந்தது. ஏட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் அம்பேத்கர் அங்கே தங்கினார். மாடியில் ஓர் அறை, மங்கிய விளக்கு, உடைந்த சாமான்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து வந்தவர் பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்தார். பதினோராம் நாள் காலையில் பன்னிரண்டு பேர் அளவில் பார்சிகள் கையில் தடியோடு படியேறி வந்தார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கூச்சலிட்டு, மாலைக்குள் வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

அவர் இரண்டு நண்பர்களிடம் உதவி கேட்டார். ஒருவர் இந்து. வீட்டில் சேர்த்துக்கொண்டால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறிஸ்தவர். மனைவியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். இரண்டு பதிலின் பொருளும் ஒன்றே. இரவு ஒன்பது மணிக்குத்தான் பம்பாய் ரயில். அதுவரை ஐந்து மணி நேரம் காமாட்டி பாக் என்ற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பொதுமக்களுக்கென்று ஒரு பூங்கா இருந்ததால் அன்று அவருக்கு உட்கார இடம் கிடைத்தது!

இந்த நிகழ்ச்சியை மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் மூன்று கதவுகளும் ஒன்றுபோலவே அடைத்துக்கொண்டன என்று தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறுபாடு தெரியும். நண்பர்களின் வீடுகள் குடும்பம் வாழும் இடங்கள். அங்கே யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது. சட்டம் நுழைந்து கட்டளையிடுவது கடினம். விடுதியோ பணம் பெற்று வழிப்போக்கரைத் தங்க வைக்கும் இடம். ஆயினும் ஒரு சமூகத்துக்கென்று ஒதுக்கி வைத்த இடம். இந்த இரண்டாவது வகைக் கதவுதான் அவர் வாழ்க்கையில் மீண்டும் மீண்டும் குறுக்கே வந்தது.

1918 இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கும் பேராசிரியர்களின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சிலர் முணுமுணுத்தார்கள். 1920 இல் 'மூக்நாயக்' என்ற மராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். மீண்டும் லண்டன் சென்று படிப்பை முடித்து, பாரிஸ்டராகவும் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றவராகவும் 1923 இல் திரும்பினார்.

அதே 1923 ஆகஸ்டில் பம்பாய்ச் சட்டசபையில் எஸ். கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிக் காக்கப்படும் கிணறு, குளம், சத்திரம் முதலியவற்றைத் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறியது. கொலாபா ஜில்லாவில் மகாட் என்று ஒரு சிற்றூர். அதன் நகரசபையும் 1924 இல் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் குளம் திறந்தது. கரையில் யாரும் இறங்கத் துணியவில்லை.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் அம்பேத்கர் தலைமையில் மகாட்டில் ஒரு மாநாடு கூடியது. இரண்டாம் நாள் மாநாட்டினர் ஆயிரக்கணக்கில் அணிவகுத்துக் குளக்கரைக்குச் சென்றனர். அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். மற்றவரும் குடித்தனர். பிறகு அமைதியாகத் திரும்பினர். அவ்வளவுதான் நடந்தது. சற்று நேரத்தில், இவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. உணவருந்திக்கொண்டிருந்தவர்களைத் தடியர்கள் தாக்கினார்கள். தம் பக்கத்தவர் திருப்பி அடிக்காதபடி அம்பேத்கர் தடுத்து நிறுத்தினார். ஊரார் சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டி அதைச் சுத்தி செய்தார்கள். ஆகஸ்டில் நகரசபை தன் பழைய தீர்மானத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பரில் மறுபடியும் போவது என்று அம்பேத்கர் முடிவு செய்தார். இப்பொழுது எதிர்த்தரப்பார் தடியை எடுக்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்தார்கள். சவுதார் குளம் எங்கள் சொத்து. அதில் நீர் எடுக்கும் உரிமை எங்களுக்கே உண்டு. இவர்கள் வரக்கூடாது என்று தீர்ப்பளிக்க வேண்டும் என்று 1927 டிசம்பர் 12 ஆம் நாள் மகாட் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். இரண்டே நாளில் தற்காலிகத் தடையுத்தரவும் கிடைத்துவிட்டது. அம்பேத்கர் வந்து சேர்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் குளத்துக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். மாநாட்டுக்கு நிலம் கொடுக்க இந்துக்கள் யாரும் முன்வராமல், ஒரு முஸ்லிம் தம் நிலத்தைக் கொடுத்திருந்தார். பந்தலில் மனுநூலை எரித்தார்கள். ஆனால் குளத்துக்குப் போகவில்லை. சட்டத்தையே துணையாகக் கொள்ள வந்த நாம் நீதிமன்றத்தின் உத்தரவை மீறலாகாது என்று அம்பேத்கர் அவர்களுக்கு எடுத்துரைத்தார். அந்தக் கூட்டத்தை அடக்கி நிறுத்துவது, குளத்தில் இறங்குவதைவிடக் கடினமான செயலாக இருந்திருக்க வேண்டும்.

வழக்கு பத்து ஆண்டு நடந்தது. 1931 இல் கீழ்க்கோர்ட்டில் வெற்றி. 1933 இல் அப்பீலிலும் வெற்றி. 1937 மார்ச் 17 ஆம் நாள் பம்பாய் ஹைகோர்ட்டிலும் வெற்றி. ஹைகோர்ட் நீதிபதிகளில் ஒருவர் புரூம்ஃபீல்டு. 1922 இல் அகமதாபாத்தில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தவர் இவரே.

எப்படி வென்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குளம் வாதிகளின் சொத்து என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அது நகரசபைக்கு உரியது என்று கோர்ட் கண்டது. நெடுங்கால வழக்கம் என்று வாதிகள் சொன்னதும், நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு வந்த வழக்கம் என்று நிலைநாட்டப்படவில்லை. ஆகவே வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. மனிதருள் தாழ்வு உயர்வு இல்லை என்பதற்காக அன்று! குளத்துக்குப் பத்திரம் ஒன்று வாதிகளிடம் இருந்திருந்தால்? அப்பொழுது தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோயில் வழக்குகள் வேறு, குளத்து வழக்கு வேறு என்றும் அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. கோயிலில் நெடுநாள் வழக்கம் இருந்தால், அது குறிப்பிட்ட சாதிகளுக்கென்றே அமைந்தது என்று ஊகிக்க இடமுண்டாம். இந்த ஊகத்தின் கசப்பைத் தமிழ்நாடு முன்பே சுவைத்திருந்தது. 1897 இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் சென்றார்கள். அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரையிலும் சென்னையிலும் நாடார்கள் தோற்றார்கள். 1908 இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அக்காலச் சட்டத்தின் கண்ணில் வழக்கமும் ஒரு சொத்து. ஒதுக்கும் உரிமையும் அந்தச் சொத்தின் ஒரு பகுதி.

அம்பேத்கரும் கோயில் கதவைத் தட்டிப் பார்த்தார். 1930 மார்ச் 2 ஆம் நாள் நாசிக் காலாராம் கோயிலின் முன் சத்தியாகிரகம் தொடங்கியது. கதவுகள் மூடிக்கொண்டன. ஆண்டுகள் கடந்தும் திறக்கவில்லை. கோயிலுக்குள் போவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். ஒதுக்கும் நோய் ஒரு மதத்தோடு நிற்பதன்று என்பதும் அவர் அறிந்ததே. 1934 இல் தௌலதாபாத் கோட்டைக்குத் தோழர்களுடன் சென்றபோது, அங்கிருந்த குளத்தில் கைகால் கழுவியதற்காக முஸ்லிம்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு வைதார்கள். பார்சி, கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று எல்லா வாசலிலும் நின்று பார்த்தவர் அவர்.

இந்த அனுபவமெல்லாம் சட்டமாக மாறும் காலம் வந்தது. 1930 வட்டமேசை மாநாட்டில் கொடுத்த திட்டத்திலும், 1947 இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையிலும், சத்திரம், கிணறு, குளம், வண்டி, நாடக அரங்கு முதலியவற்றில் ஒருவருக்கு இடம் மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆக வேண்டும் என்று கேட்டார். இதற்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது, அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1875 இல் இயற்றிய சட்டம். அந்தச் சட்டத்தை அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் 1883 இல் செல்லாது என்று தள்ளிவிட்டது. அரசியல் சட்டம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் விடுதிக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பது அந்நீதிமன்றம் சொன்ன காரணம். அந்த ஓட்டையை நம் அரசியல் சட்டம் அடைத்தது.

சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். எல்லாவற்றையும் அவர் ஒருவரே எழுதினார் என்பது சரித்திரம் ஆகாது. ஆயினும் அவர் கை படாத பகுதி குறைவு. 1948 நவம்பர் 29 ஆம் நாள் இப்பொருள் அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. இன்றைய 15(2) ஆம் விதிப்படி, கடை, பொது உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்ற காரணங்களால் மட்டும் யாரையும் தடுக்கக்கூடாது. அரசுப் பணத்தில் காக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலைகளிலும் தடுக்கக்கூடாது. கடை என்பதற்கு அம்பேத்கர் சபையில் தந்த விளக்கம் விரிவானது. உள்ளே நுழைவது மட்டும் அன்று. விலைக்குச் சேவை செய்ய முன்வருபவர் யாராயினும் அவர் சேவை எல்லோருக்கும் உரியது. 2011 இல் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தையே கைக்கொண்டது.

அவர் வரைந்த கோடு இப்பொழுது தெளிவாகிறது. உன் அடுக்களைக்குள் சட்டம் நுழையாது. ஆனால் பணத்துக்காகவோ பொதுமக்களுக்கென்றோ ஒரு கதவைத் திறந்துவிட்டால், பிறகு ஆளைப் பார்த்து அடைக்க முடியாது.

மதத்துக்கும் இப்படியே ஒரு கோடு உண்டு. தன் மதத்தை நடத்திக்கொள்ளும் உரிமையை 26 ஆம் விதி சமயப் பிரிவுகளுக்குத் தருகிறது. பொதுவான இந்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் அதிகாரத்தை 25(2) ஆம் விதி அரசுக்குத் தருகிறது. இரண்டும் மோதினால்? மூல்கி என்னும் ஊரில் கௌட சாரஸ்வத பிராமணரின் வேங்கடரமணர் கோயில் பற்றிய வழக்கில், 1957 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். கோயில் எல்லோருக்கும் திறக்க வேண்டும். ஆனால் சில சிறப்புச் சடங்குகளை அப்பிரிவினர் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று இரு உரிமைக்கும் இடம் கண்டது அத்தீர்ப்பு. அதைக் காண அம்பேத்கர் இல்லை. 1956 அக்டோபர் 14 இல் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவி, அவ்வாண்டு டிசம்பர் 6 ஆம் நாள் டில்லியில் மறைந்தார். உள்ளே போவதற்கு மட்டும் அன்றி, வெளியே வருவதற்கும் மதச் சுதந்திரம் வேண்டும் என்பதைத் தம் கடைசிச் செயலால் காட்டிவிட்டுப் போனார்.

எல்லாக் கதவும் திறந்துவிட்டதா? இல்லை. 15(2) ஆம் விதி வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. தீண்டாமை காரணமாக ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று 1955 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மதத்தையும் உணவையும் சொல்லி மறுத்தால் அது போதாது. 2005 இல் குஜராத்தில் பார்சிகளின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பார்சி அல்லாதாரை உறுப்பினராக ஏற்க மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் அதற்கு ஆதாரம். 1917 இல் பரோடாவில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இத்தீர்ப்பு நெஞ்சை உறுத்தாமல் இராது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம் ஒன்று கூடி வாழ விரும்புவது குற்றமா? அம்பேத்கரே 1947 அறிக்கையில் தம் மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் கேட்டார். கிராமத்து நிலமெல்லாம் ஒரு சாரார் கையில் இருக்கும்போது, ஒதுக்கும் உரிமை பட்டினி போடும் அதிகாரமாகிவிடுகிறது. அதிலிருந்து தப்ப வேறு வழி இல்லை என்பது அவர் வாதம். ஆகவே கதவை யார் அடைக்கிறார்கள் என்பதைப் போலவே, அடைபட்டவனுக்கு வேறு கதவு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் மறுத்தால் அது அவர் விருப்பம். தெருவெல்லாம் மறுத்தால் அது விருப்பம் அன்று, மதில்.

நான் விஞ்ஞானம் படிப்பவன். சட்டம் எனக்கு அயலூர். சட்டம் எங்கே கோடு போட வேண்டும் என்பதை அறிந்தோர் ஆராயட்டும். 15(2) ஆம் விதியில் வாடகை வீடும் சேர வேண்டும் என்பதே என் கருத்து. வாடகைக்கு என்று பலகை தொங்கவிட்டவர் வண்டியை நிலையத்தில் நிறுத்திய வண்டிக்காரரைப் போன்றவரே. தாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை விடுபவருக்குச் சற்றுச் சலுகை தரலாம். பத்து வீடு கட்டி வாடகைக்கு விடுபவருக்கு அந்தச் சலுகை எதற்கு?

நண்பர்களே, இன்று நாம் அறை தேடுகிறோம். இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் வேலைக்குப் போவோம். கடன் வாங்கியாவது வீடு கட்டுவோம். மாடியை வாடகைக்கும் விடுவோம். அப்பொழுது நம் வாசலில் ஒரு மாணவன் வந்து நிற்பான். வேறு மொழிக்காரனாக இருக்கலாம். வேறு மதத்தவனாக இருக்கலாம். நம் சொந்த ஊரின் சேரியிலிருந்தே வந்தவனாகவும் இருக்கலாம். அவனிடம் நாம் முதலில் கேட்கப் போவது என்ன? சட்டம் வருமுன் அதை நாமே தீர்மானித்துவிடலாம். வாடகையைக் கேட்போம், ஒழுங்காக வீட்டை வைத்துக்கொள்வானா என்று கேட்போம். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுப்போம்.